பஞ்சரும் ஒட்டியாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு: போடிமெட்டு மலைப்பாதையில் நின்றுபோன ஒரு வண்டி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து மூணாறுக்குக் கிளம்பிய இரண்டு பேர். ஒருவர் கல்லூரி ஆசிரியர், வயது 45 இருக்கும். இன்னொருவர் அவருடைய அக்கா மகன், பொறியியல் கடைசி வருடம். பெயர் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள் என்று இருவரும் சொன்னதால் மாமா, மருமகன் என்றே குறிப்பிடுகிறேன். நான் போடிமெட்டு மலையடிவாரத்தில் உள்ள போடியில் இருசக்கர வண்டிப் பட்டறை நடத்துகிறேன். அன்று இரவு எனக்குப் போன் வந்தது. அதனால் இதில் நானும் வருகிறேன், நான் செய்த தவறு ஒன்றும் வருகிறது.

வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பிஎஸ் 6 என்ற புகை விதி வந்த பிறகு வாங்கியது. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். ஸ்போக் வீல், ஆகவே உள்ளே ட்யூப். பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர் ஹவர், அதாவது மணிக்கு ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் கணக்குக்கு எட்டு மணி நேரம் வரும். ஓடியிருந்தது 31,000 கிலோமீட்டர். முன்னால் இரண்டு எல்இடி ஃபாக் லாம்ப், ஒவ்வொன்றும் 20 வாட். அவற்றின் வயர் சாவியைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போயிருந்தது. அதாவது, சாவியை எடுத்துவிட்டாலும் எரியும்.

பயணத்துக்கு முன்பு இரண்டு சம்பவங்கள் நடந்திருந்தன. அப்போது இரண்டையுமே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார்கள். பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டுக் கொடுத்தார்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று அங்கே யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

அப்புறம், எட்டு நாளுக்கு முன்பு உசிலம்பட்டி சாலையில் பின் டயர் பஞ்சர். சாலையோரக் கடையில், சக்கரத்தைக் கழற்றாமல், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவர் போட்டுப் பிதுக்கி, ட்யூபை ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் வெளியே இழுத்து ஒட்டினார்கள். இது வழக்கமான முறைதான், நானும் செய்வதுண்டு. வேகமாக முடியும், செயினும் பிரேக்கும் அலைன்மென்ட் மாறாது. ஆனால் டயரின் உட்புறம் முழுதாகக் கண்ணுக்குப் படாது. பஞ்சர் போட்டவர் டயரில் ஆணி எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இவர்களும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை.

மலை ஏறியது

நவம்பர் மாதச் சனிக்கிழமை. மதுரையில் மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, தேனியில் டீ குடித்து, நாலரை மணிக்கு மலையடிவாரத்தில் உள்ள முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டார்கள். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பாதையில் நாலரைக்கு மேல் ஏறுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மழை இல்லாவிட்டாலும் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும், மண்சரிவு பயமும் உண்டு.

5.10க்கு, புலியூத்தைத் தாண்டிய ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. பின் டயரில் காற்றே இல்லை. மாமா பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, வளைவின் உட்பக்கம் மலைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். சரியாகச் செய்தார். காற்றில்லாத பின் டயரோடு பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கிக்கொண்டு போய்விடும்.

மருமகனிடம் சாமான் இருந்தது. இரண்டு டயர் லீவர், ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரசர். வெளிச்சம் இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டயரின் ஒரு பக்கத்தைப் பிதுக்கி ட்யூபை இழுத்துவிட்டான். பழைய ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி புது ஓட்டை. ஒட்டுப் போட்டு, கம்ப்ரசரை ஆறு நிமிடம் ஓட்டிக் காற்று ஏற்றி, 5.50க்குக் கிளம்பினார்கள்.

ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. 6.05க்கு அடுத்த வளைவு ஒன்றில் டயர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

இருட்டில் இரண்டாவது ஒட்டு

இப்போது இருட்டு, மஞ்சு. பின்னால் வரும் வண்டிக்குத் தெரியவேண்டும் என்று மாமா சாவியைப் போட்டு, நாலு இண்டிகேட்டரையும் மின்ன விட்டார். வேலை செய்ய வெளிச்சம் வேண்டுமே என்று ஃபாக் லாம்பையும் போட்டார்கள். ஃபாக் லாம்ப் முன்பக்கம் அடிக்கிறது, வேலையோ பின் சக்கரத்தில். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் கிடைத்தது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மருமகன் ட்யூபை மறுபடி வெளியே எடுத்தான்.

சாயங்காலம் போட்ட ஒட்டு விலகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை, ஊசி குத்தியதுபோல. பழைய ஒட்டு, சாயங்காலம் கண்ட ஓட்டை, இப்போது இது, மூன்றும் இரண்டு விரல் அகலத்துக்குள். அப்போதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு அவனை நான் மெச்சுகிறேன், ஏனென்றால் முந்தைய இரண்டு முறையும் அது யாருக்கும் வரவில்லை. வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று ட்யூபில் அளந்து, அதே தூரத்தை டயரில் வைத்துப் பார்த்தான். அந்த இடத்தில் டயரின் உட்புறத்தை விரலால் தடவாமல், கைக்குட்டையைச் சுருட்டித் தேய்த்தான். இரண்டாவது தேய்ப்பில் கைக்குட்டை எதிலோ மாட்டி இழுத்தது.

அது ஒரு கம்பி இழை. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது ரோட்டில் கிடக்குமே, முடி மாதிரி மெல்லிய எஃகு இழை, அதில் ஒரு துண்டு. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு. வெளியே டயர்ப் பட்டையின் பள்ளத்தில் ரப்பருக்குள் புதைந்துவிட்டது, உள்ளே ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் ஏறாதபோது அது ட்யூபைத் துளைக்கும் அளவுக்கு அழுத்தாது. இரண்டு பேர் ஏறி டயர் அமுங்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தும். அதனால்தான் பஞ்சர் ஒட்டி எட்டு நாள், மாமா தனியாகக் கல்லூரிக்குப் போய்வந்த வரை தாங்கியது. மருமகன் கட்டிங் பிளேயர் நுனியால் அதைப் பிடித்து, முதல் இழுப்பில் வழுக்கி, மூன்றாவது இழுப்பில் உருவி எடுத்தான்.

மறுபடி ஒட்டு. மஞ்சு ஈரத்தில் சொல்யூஷன் சீக்கிரம் உலராது. ட்யூபைச் சட்டைக்குள் வைத்துத் துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும் வரை ஊதிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறான். அந்த ஒட்டு, மறுநாள் நான் மாற்றிய அந்தப் பழைய ட்யூபில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறது.

6.50க்குக் கம்ப்ரசரை மாட்டினார்கள். ஐந்தாறு நிமிடம் ஓடி, சத்தம் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. டயரில் காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐதான், 32 வேண்டும். செல்ஃபை அழுத்தினால் 'டக்' என்று ரிலே சத்தம் மட்டும். இண்டிகேட்டர் மின்னுவதை நிறுத்தி மங்கலாக நின்றது.

நான் போனில் சொன்னது

அந்தப் பாதையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் கீழே இறங்கும். அப்படி இறங்கிய ஒரு ஜீப் டிரைவர் நிறுத்திப் பார்த்து, என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். 7.10க்குப் போன் வந்தது.

"அண்ணே, பஞ்சர் ஒட்டியாச்சு. இப்ப செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்றான் மருமகன்.

"பேட்டரி இறங்கியிருக்கும் தம்பி. இறக்கம்தானே, ரெண்டாவது கியர்ல போட்டு உருட்டி விட்டுப் பாருங்க. நான் கிளம்பி வர்றேன்" என்றேன்.

இதுதான் என் தவறு. என்ன வண்டி என்று கேட்காமல் சொன்னேன். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்திருந்தாலும் இன்ஜின் சுற்றும்போது மேக்னெட் காயில் தயாரிக்கும் மின்சாரமே ஸ்பார்க்குக்குப் போதும், உருட்டினால் பிடித்துக்கொள்ளும். இருபது வருடப் பழக்கத்தில் வாய் அதைத்தான் சொன்னது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்படி இல்லை. முதலில் ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர், விழிக்கவேண்டும், பெட்ரோல் பம்ப் சுற்றி அழுத்தம் ஏற்றவேண்டும், இன்ஜெக்டர் திறக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பேட்டரியில் ஓரளவாவது வோல்ட் மிச்சம் இருக்கவேண்டும். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால், உருட்டும்போது காயில் கொடுக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் அந்தப் பேட்டரியே விழுங்கிவிடும்.

நான் சொன்னதை நம்பி மூன்று முறை உருட்டினார்கள். 18 பிஎஸ்ஐ டயரில், மஞ்சில், ஹெட்லைட் இல்லாமல், கொண்டை ஊசி வளைவை நோக்கி. இரண்டாவது முறை கிளட்ச் விட்டதும் பின் சக்கரம் பூட்டி, ஈர இலையில் வழுக்கி, வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. மாமா காலை ஊன்றித் தாங்கிக்கொண்டார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் போனபோது பார்த்தது

7.55க்குப் போய்ச் சேர்ந்தேன். கொண்டுபோனவை: முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் 9 ஆம்பியர் ஹவர் பேட்டரி, மல்டிமீட்டர், கால் பம்ப், தலையில் மாட்டும் டார்ச், வயர் சாமான் டப்பா.

முதலில் அவர்கள் பேட்டரியில் மீட்டர் வைத்தேன். சாவி போடாமல் 10.9 வோல்ட், சாவி போட்டதும் 8.4. நல்ல பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 ஆவது காட்டவேண்டும். மூன்று வாரமே ஆன பேட்டரி இப்படி இறங்க என்ன காரணம் என்று அங்கேயே கணக்குப் போட்டோம்.

ஃபாக் லாம்ப் இரண்டும் சேர்ந்து சுமார் 3.3 ஆம்பியர், முக்கால் மணி நேரத்தில் இரண்டரை ஆம்பியர் ஹவர் போயிற்று. சாவி, டெயில் லாம்ப், மின்னும் இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து அதே முக்கால் மணியில் ஏறக்குறைய இரண்டு. கம்ப்ரசர் எட்டு ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு தடவையும் சேர்த்து 12 நிமிடம், அதில் 1.6. மொத்தம் ஆறு. பேட்டரி முழுதாக இருந்திருந்தால் இரண்டு மிச்சம் இருந்திருக்கும், கஷ்டப்பட்டாவது செல்ஃப் சுற்றியிருக்கலாம். சுற்றவில்லை என்றால் மதுரையில் கிளம்பும்போதே பேட்டரி நிறைந்திருக்கவில்லை. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்தும் நிறையவில்லை என்றால், சார்ஜே சரியாக ஏறவில்லை.

அவர்கள் பேட்டரியைக் கழற்றி என்னுடையதை வைத்தேன். 12.8 வோல்ட். செல்ஃப் ஒரே தொடலில் எடுத்தது. இன்ஜின் சும்மா ஓடும்போது 12.3, நிமிடத்துக்கு 3,000 சுற்று (ஆர்பிஎம்) வேகத்தில் 12.4. அந்த வேகத்தில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்கவேண்டும். ஃபாக் லாம்பைப் போட்டதும் 11.9க்கு இறங்கியது.

சைடு கவரைத் திறந்து, மேக்னெட் காயிலிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்கு (ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போகும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டை, தேடினேன். கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. கருகிய பிளாஸ்டிக் வாடை. மூன்று மஞ்சள் வயர் உள்ளே போகும் வெள்ளைக் கப்ளர், அதில் ஒரு மூலை பழுப்பாகி உருகி, உள்ளே இருக்கும் உலோகப் பின்னும் உறையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு வயர் தொடர்பே இல்லை.

அங்கே எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஜம்பர் வயர் போட்டு ஸ்டார்ட் செய்து என் பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் வோல்ட் எகிறி ஈசியூவையே கெடுத்துவிடலாம். செத்த பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டால் அது சார்ஜ் இல்லாத வண்டியிலிருந்து மேலும் உறிஞ்சும். ஆகவே அவர்கள் பேட்டரி என் பைக்குள், என் பேட்டரி அவர்கள் வண்டியில்.

இரண்டாவது, கப்ளர் வேலையை அங்கே தொடாமல் விடுவது. கருகிய வயரை வெட்டி இணைக்க அரைமணி நேரம் ஆகும். நின்றது வளைவு, மஞ்சு கூடிக்கொண்டே இருந்தது. மருமகன், "இங்கேயே முடிச்சிரலாம்ண்ணே" என்றான். அவனுக்கு வேலையில் ஆர்வம். மாமா, "வேணாம் மாப்ள, கீழ போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். நானும் அதையே நினைத்தேன்.

கீழே போய்ச் சேர பேட்டரி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. சார்ஜ் துளிகூட வராது என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜெக்‌ஷனும் பம்பும் இக்னிஷனும் சேர்ந்து நாலு ஆம்பியர். ஹெட்லைட் நாலரை, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் அதை அணைக்க சுவிட்சே கிடையாது, அந்த இருட்டில் அணைக்கவும் கூடாது. டெயில் லாம்பும் மற்றதும் ஒன்று. மணிக்கு ஒன்பதரை. என் பேட்டரி ஒன்பது. முந்தல் வரை சுமார் பத்து கிலோமீட்டர், மெதுவாக இறங்கினாலும் அரைமணி. பாதிதான் செலவாகும். ஃபாக் லாம்ப் ஃப்யூஸை மட்டும் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டேன், பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போய்விடக்கூடாது என்று.

டயருக்குக் கால் பம்பால் 32 பிஎஸ்ஐ ஏற்றினோம். ஏற்றும்போது வால்வு கொஞ்சம் சாய்ந்து நிற்பதைக் கவனித்தேன். காற்றில்லாமல் உருண்டபோது டயர் ரிம்மில் நகர்ந்து, ட்யூபையும் கூடவே இழுத்திருக்கிறது. அதன் அடியில் கிழிசல் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றியது. ஆகவே மாமா தனியாக ஓட்டுவது, மருமகன் என் வண்டியில் பின்னால் வருவது என்று முடிவு செய்தோம். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டக்கூடாது, இரண்டாவது கியரிலேயே இறங்கவேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

முந்தலில்

8.50க்கு முந்தல். செக்போஸ்ட் வெளிச்சத்தில் மீட்டர் வைத்தேன்: 12.0. டயரில் 27 பிஎஸ்ஐ. அரைமணியில் ஐந்து இறங்கியிருந்தது. நான் சந்தேகப்பட்ட வால்வு அடி.

அங்கே இன்ஜினை ஆறவிட்டு, கப்ளரை வெட்டி எடுத்தேன். காயில் பக்கத்து வயரின் செம்பு உள்ளேயே கறுத்திருந்தது. பளிச்சென்று செம்பு தெரியும் வரை இரண்டு அங்குலம் உரித்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. மூன்று வயரையும் தனித்தனியாக ஸ்லீவ் வைத்து இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு லைட்டரால் சுட்டேன். மருமகன், "எந்த வயர் எதோட சேரணும்ண்ணே?" என்று பதறினான். இந்த மூன்றுக்கு மட்டும் வரிசை கிடையாது. மூன்றும் ஏசி, எதை எதோடு சேர்த்தாலும் ஒன்றுதான். ஆர்ஆர் யூனிட்டுக்கு அப்புறம் வரும் பிளஸ், மைனஸை மாற்றினால்தான் ஆபத்து.

ஸ்டார்ட் செய்து 3,000 ஆர்பிஎம் வைத்தேன். 14.1 வோல்ட். மாமா மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அவரே ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

டயருக்கு மறுபடி காற்று ஏற்றி, போடி வந்து சேர்ந்தபோது பத்து மணி.

மறுநாள் பட்டறையில்

முதலில் பின் சக்கரத்தை முழுதாகக் கழற்றி டயரை வெளியே எடுத்தேன். வால்வு அடியில் கிழிசல். வால்வு அடியை ஒட்டிப் பயன் இல்லை, புது ட்யூப்தான். ரிம்முக்குள் ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டை ஓரிடத்தில் விலகியிருந்தது, அதையும் மாற்றினேன். டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் மூன்று சுற்றுத் தேய்த்தேன். வேறு கம்பி இல்லை.

புது ட்யூபைப் போடும்போது மருமகனையே போடச் சொன்னேன். ட்யூபில் கொஞ்சம் காற்று ஏற்றி உருவம் வந்த பிறகு உள்ளே வைக்கவேண்டும், அப்போதுதான் மடிப்பு விழாது, லீவர் நுனியில் ட்யூப் சிக்காது. வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டயரை ஏற்ற ஆரம்பித்து, வால்வு அருகில் முடிக்கவேண்டும். கடைசிப் பகுதி ஏறாமல் அடம்பிடித்தால் பலத்தைக் கூட்டக்கூடாது. ஏற்கனவே ஏறிய பக்கத்தை முழங்காலால் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால், இந்தப் பக்கம் தானாகத் தளரும். அவன் முதலில் லீவரைத்தான் இழுத்தான். அப்புறம் முழங்காலை வைத்தான், கையாலேயே ஏறிவிட்டது.

அடுத்து மின்சாரம். காயிலின் மூன்று மஞ்சள் வயரையும் பிரித்து, இரண்டிரண்டாக ஓம் பார்த்தேன். மூன்று ஜோடியும் 0.6. எதுவும் எர்த் ஆகவில்லை. ஓடவிட்டு ஏசி வோல்ட் பார்த்தபோதும் மூன்றும் சமம். காயில் நல்லது, ஆர்ஆர் யூனிட்டும் நல்லது. கெட்டது ஒரு பின் மட்டும்.

ஏன் கெட்டது? தளர்ந்த பின்னில் ஈரம் ஏறிப் பச்சை பூத்து, அங்கே தடை கூடியிருக்கிறது. 0.2 ஓம் என்றால் மீட்டரிலேயே சரியாகத் தெரியாது. ஆனால் அதன் வழியாகப் பத்து ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு. நிலக்கடலை அளவு பிளாஸ்டிக்குக்கு அது போதும், உருகிவிடும். உருக உருகத் தொடர்பு இன்னும் தளரும், சூடு இன்னும் கூடும். ஒரு வயர் முழுதாக விட்டுப்போனதும், மூன்று ஜோடியில் ஒரு ஜோடிதான் மிச்சம். பகலில் ஊருக்குள் ஓட்டினால் ஏதோ தட்டிமுட்டிச் சமாளிக்கும். இரவில் ஃபாக் லாம்ப் போட்டால் பேட்டரியிலிருந்துதான் போகும். முதல் பேட்டரி செத்ததும் இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும்.

மூன்று வாரத்துக்கு முன்பு போட்ட அவர்களுடைய பேட்டரியை 0.8 ஆம்பியரில் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டிருந்தேன். காலையில் எடுத்து மூன்று மணி நேரம் ஆறவிட்டபோது 12.6. செல்ஃப் சுற்றும்போது 10.3 வரைதான் இறங்கியது, 9.6க்குக் கீழே போனால்தான் கவலை. பேட்டரி தப்பித்தது. ஒரு இரவு முழுக்க அப்படியே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, சொல்ல முடியாது.

ஃபாக் லாம்புக்கு ரிலே போட்டு, சாவி போட்டால் மட்டும் எரியும்படி மாற்றினேன். நேராக இணைத்த மூன்று வயருக்கும் நீர் புகாத புதுக் கப்ளர் போட்டேன். நாளைக்கு வேறு மெக்கானிக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றால் வெட்டத் தேவை இருக்கக்கூடாது. ஃபாக் லாம்போடு 13.7, இல்லாமல் 14.1.

ட்யூப், ரிம் பட்டை, கப்ளர், ரிலே, கூலி எல்லாம் சேர்த்தும், மூன்று வாரத்துக்கு முன்பு பேட்டரிக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

அதன் பிறகு

மூணாறு போகவில்லை. திங்கட்கிழமை கல்லூரி இருந்ததால் ஞாயிறு மாலையே மதுரைக்குத் திரும்பிவிட்டார்கள். மருமகன் ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கிறான். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை எனக்கு எண்களை அனுப்பினான்: ஓய்வில் 12.7, ஓட்டத்தில் 14.1. பின் டயரில் ஏழு நாளைக்கு ஒரு பிஎஸ்ஐகூட இறங்கவில்லை. ஃபிப்ரவரியில் மறுபடி கிளம்பினார்கள், இந்த முறை காலை ஆறு மணிக்கே முந்தலைத் தாண்டியிருந்தார்கள்.

நான் மாற்றிக்கொண்டவை

பட்டறையில் பேட்டரி மாற்ற வருகிற எந்த வண்டிக்கும் மூன்று எண் எழுதாமல் இப்போது பில் போடுவதில்லை. ஓய்வில் எவ்வளவு, செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு, 3,000 ஆர்பிஎம்மில் எவ்வளவு. இரண்டு நிமிட வேலை. கூட்டம் நிற்கும் நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் பெரிதாகத் தெரியும், எனக்கும் தெரிகிறது. அந்தக் கடைக்காரரும் அன்று அப்படித்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் அந்த மூன்று எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும்.

பஞ்சரில், குத்திய பொருள் கையில் கிடைக்கும் வரை வேலை முடியவில்லை என்று பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். இருபது நிமிடம் கூடுதலாகும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள்.

மலைக்குப் போகிறவர்களிடம், பேட்டரியில் மாட்டும் கம்ப்ரசர் இருந்தாலும் சின்னக் கைப்பம்ப் ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கம்ப்ரசரை ஓட்டினால் இன்ஜினையும் ஓடவிடவேண்டும். வேலை வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச், அதற்குத் தனி பேட்டரி.

போனில் ஆலோசனை கேட்டால் முன்புபோல உடனே பதில் சொல்வதில்லை. மூன்று கேள்வி கேட்கிறேன். கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஹார்ன் அடித்தால் சத்தம் எப்படி வருகிறது? வண்டி எங்கே நிற்கிறது? மூன்றாவது கேள்விக்கு வளைவு என்று பதில் வந்தால், வண்டியைப் பற்றி அதற்குமேல் பேசுவதில்லை. ஆட்களை மலைச் சுவர் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.